சந்தைக்குப் பக்கத்திலேயே மேடை வேண்டும்

எங்கள் பட்டணத்துக் கடைத்தெரு ஆண்டில் மூன்று தடவைதான் நிரம்பும். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம், பொங்கலுக்கு முந்திய நாலைந்து நாள், அப்புறம் மாரியம்மன் கோயில் திருவிழா. மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை, அதாவது பாமாயில் மரம், நிற்கும் இடம் இது. இரண்டு வரிசைக் கடைகள், ஒரு பஸ் நிறுத்தம், பழைய மார்க்கெட் கட்டடம், அவ்வளவுதான் பட்டணம். மற்ற நாளில் மாலை ஏழு மணிக்கே பாதிக் கடைகள் கதவை இழுத்துவிடும்.

தீபாவளிச் சந்தை என்றதும் பலருக்கு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையும்தான் ஞாபகம் வரும். அங்கே போனால் எல்லாம் கிடைக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அங்கேதான் போகிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாற்பது ஐம்பது ஒட்டுக்கடைகளும் ஒரு மரப்பலகை மேடையும் சேர்ந்த எங்கள் ஊர்ச் சந்தைக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. அதை நம் ஆட்களே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் எண்ணம். சில ஆண்டுகளாக இந்தச் சந்தைக்கு ஓடியாடி வேலை செய்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இது நேற்று முளைத்த ஏற்பாடு கிடையாது. ரப்பர்த் தோட்டத்தில் சம்பளம் போடும் நாளன்று ஆபீஸ் வாசலில் கூடிய கடைகளிலிருந்து வந்தது. அம்மா அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாராம். பணத்தை எண்ணிக்கொண்டு படியிறங்கினால் எதிரே சைக்கிளில் துணிமூட்டை கட்டி வந்த பாய், வளையல்காரர், மிட்டாய்க்காரர், கொஞ்சம் தள்ளி வட்டிக்காரர். சேலையைத் தவணைக்கு எடுத்து, போன மாதத் தவணையைக் கட்டி, பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் பலகாரம் வாங்கிக்கொண்டு லயம் என்ற வரிசை வீட்டுக்குப் போனால், அன்றைக்கு ராத்திரியே திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். அது இல்லாத மாதத்தில் தோட்டத்து இளைஞர்கள் போடும் நாடகம். யாவாரமும் கூத்தும் ஒரே நாளில், ஒரே திடலில் நடந்தன. பையில் காசு, மனசில் தெம்பு, மறுநாள் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முந்திய பெயர் கூப்பிடலுக்கு, போக வேண்டிய கவலையை ஒரு ராத்திரிக்குத் தள்ளிவைக்கலாம்.

பொங்கலுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. சிங்கப்பூர் நாளிதழான 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தார். சிங்கப்பூரோடு நிற்காமல் மலாயாவின் பட்டணங்களுக்கும் தோட்டங்களுக்கும் அது பரவியது. பேச்சுப் போட்டி, நாடகம், விளையாட்டு, பாட்டு என்று பொங்கலை ஒட்டி நடந்தது. சாதி பார்க்காமல், எந்தக் கோயில் கூட்டம் என்று கேட்காமல் எல்லாரும் ஒரே மேடைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். என் பெரியப்பா அந்த மேடையில்தான் முதன்முதலாகப் பேசினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கையோடு, குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்த் திருக்குறள் பேசிய ஆள் அவர். கடைசிவரை மைக்கைக் கண்டால் விடமாட்டார்.

அந்தத் திடல்களெல்லாம் இப்போது எங்கே? இதற்கு மரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதே மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்டார். அறுபதுகளுக்குப் பிறகு ஒவ்வொரு தோட்டமாக ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு அதற்கு மாறியது. ரப்பருக்கு விடியற்காலையில் ஆள் வேண்டும். ஓர் ஆள் ஏறக்குறைய 500 மரத்தில் பால் வெட்டுவார். அதனால் லயம் லயமாகக் குடும்பங்கள் இருந்தன. செம்பனைக் குலையை ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அறுத்தால் போதும். அதே நிலத்துக்கு முன்பு இருந்த ஆட்களில் ஒரு பங்கே தேவைப்பட்டார்கள். அதற்கு முன்னாலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கினார். எங்கள் தாத்தாவும் பங்கு எடுத்தவர். ஆனாலும் துண்டாடலை எல்லா இடத்திலும் தடுக்க முடியவில்லை. அப்புறம் வீடமைப்புத் திட்டம் வந்தது, நெடுஞ்சாலை வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளிகள் வந்தார்கள். நம் ஆட்கள் தாமான் என்ற குடியிருப்புகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே லயத்தில் சுவரைத் தட்டிப் பேசிக்கொண்ட இரண்டு குடும்பம் இன்றைக்கு ஒன்று ராவாங்கில், இன்னொன்று காப்பாரில்.

அவர்கள் திரும்பவும் சந்திக்கிற இடம்தான் இந்தக் கடைத்தெரு. கல்யாண வீட்டில் சந்திக்கலாம், ஆனால் அதற்கு அழைப்பு வேண்டும். சாவு வீட்டில் சந்திக்கலாம், அங்கே சிரிக்க முடியாது. சந்தைக்கு யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. "நீ மூணாம் நம்பர் லயத்து அஞ்சலை மகதானே?" என்று யாராவது தோளைத் தட்டிக் கேட்பதை ஒவ்வொரு தீபாவளிச் சந்தையிலும் கேட்கிறேன்.

சந்தையின் யாவாரம் எப்படி ஓடுகிறது என்பதை நாட்காட்டியை வைத்தே சொல்லிவிடலாம். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கும் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கும் பெரும்பாலும் மாதத்தின் முதல் வாரத்தில்தான் கையில் காசு. 2023இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. சம்பளம் வாங்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது. கடைசி இரண்டு நாளும் கால் வைக்க இடமில்லை. 2024இல் அக்டோபர் 31. போன மாதச் சம்பளம் கரைந்துபோய், அந்த மாதச் சம்பளம் வராத நேரம். துணிக்கடைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பலகாரக் கடையில் அரைக் கிலோ கேட்பவர்கள் கால் கிலோ கேட்டார்கள். அடுத்து 2026இல் நவம்பர் 8 வருகிறது. ஏழாம் தேதி சம்பளம் போட்டால் ஒரு நாளில் என்ன வாங்க முடியும்? அந்த மாதம் மட்டும் சம்பளத்தைச் சற்று முன்னாலேயே போடும்படி பக்கத்துத் தோட்ட நிர்வாகங்களைக் கேட்டுக் கடிதம் எழுதலாம் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று மழை. தீபாவளிக் காலம் பருவக்காற்று மாறுகிற நேரம். மேற்குக் கரையில் சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு இடியோடு கொட்டும். ஆறரைக்கு விட்டுவிடும். அதனால் கூடாரத்துக்குச் செய்யும் செலவைவிடத் தரைக்குச் செய்யும் செலவு முக்கியம். கால் நனையாத பலகையும் தண்ணீர் ஓடச் சரியான கால்வாயும் இருந்தால் மக்கள் ஏழு மணிக்கு வந்துவிடுவார்கள்.

இனி மேடைக்கு வருகிறேன். நான் அடித்துச் சொல்ல நினைப்பது இதைத்தான்: மேடை சந்தைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஓர் ஆண்டு, சத்தம் அதிகம், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி, கலைநிகழ்ச்சியை மட்டும் ஒரு மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபம் நல்ல மண்டபம்தான். குளிர்சாதனம், வரிசையான நாற்காலி, நல்ல விளக்கு. ஆனால் கடைத்தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் இல்லை. ஆடிய பிள்ளைகளை அவர்களின் பெற்றோர் மட்டும் பார்த்தார்கள். தன் பிள்ளை ஆடி முடித்ததும் அந்தக் குடும்பம் எழுந்து போய்விடும். இந்தப் பக்கம் கடைத்தெருவில் ஏழு மணிக்கு வந்தவர்கள் எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனார்கள், நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லையே. பிறகு மேடையைத் திரும்பக் கடைத்தெருவுக்கே, பழைய மார்க்கெட் சுவரை ஒட்டிக் கொண்டுவந்தோம். ஜிமிக்கி வாங்க வந்த பெண்ணும், மகளின் மருதாணி காய்வதற்காக உட்கார்ந்திருந்த தாயும், பேரனைத் தோளில் வைத்திருந்த தாத்தாவும் தானாகவே பார்வையாளர்கள் ஆனார்கள். பரதம் எது, கும்மி எது என்று தெரியாதவர்கள்கூட நின்று பார்த்தார்கள். நின்றவருக்குப் பசித்தது, பசித்தவர் வடை வாங்கினார். இப்படித்தான் ஓடும்.

மேடை என்றால் பேச்சு இல்லாமல் நம் ஆட்களுக்கு ஆகாது. பிரமுகர் வருவார், மாலை, பொன்னாடை, அவருக்கு முன்னால் மூன்று பேர் வரவேற்புரை. முகத்தில் சாயம் பூசிய சிறு பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு நிற்பார்கள். இதை மாற்ற நாங்கள் சண்டை போட வேண்டியிருந்தது. இப்போது பிரமுகர் யாராக இருந்தாலும் நிகழ்ச்சிக்கு நடுவில் வந்து வணக்கம் சொல்லி, கடைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம். அப்படி வந்தவர்களுக்கு மக்களோடு பேச நேரம் கிடைத்தது. அவர்களும் சந்தோஷமாகத்தான் போனார்கள்.

மேடையில் யார் ஏற வேண்டும் என்பதிலும் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. நகரத்திலிருந்து பாடகரைக் கூட்டிவந்தால் கூட்டம் வரும், அது உண்மை. ஆனால் அந்தச் சம்பளத்தில் ஊர்ப் பிள்ளைகளின் ஓர் ஆண்டுப் பயிற்சியை நடத்தலாம். குறிப்பாக உறுமிப் பையன்கள். எங்கள் அடுக்குமாடியில் ஓர் உறுமி மேளக் குழு இருக்கிறது. பெரும்பாலும் பள்ளிக்கூடம் படிக்கிறவர்கள், சிலர் லோரியில் உதவியாள். அவர்களைக் கண்டாலே பலர் முகம் சுளிக்கிறார்கள். ஊர்வலத்தில் நடக்கிற சண்டைக்கெல்லாம் இவர்கள்தான் காரணம் என்ற பேச்சு. போன தீபாவளிச் சந்தையில் அவர்களை நடுமேடையில் நிறுத்தினோம். மழை விட்ட நேரம். ஈரத்தில் தோல் தொய்ந்துபோய் உறுமி மந்தமாக ஒலித்தது. மேடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டியைக் கொளுத்தி, மேளத்தை நெருப்புக்கு மேலே திருப்பித் திருப்பிச் சூடு காட்டினார்கள். மூத்த பையன் காதை அருகில் வைத்து விரலால் சுண்டிப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம்டா" என்றான். அப்புறம் வளைந்த குச்சியை ஒரு முகத்தில் அழுத்தித் தேய்த்தான். தரையிலிருந்து வருவது மாதிரி அந்த உறுமல் எழுந்தது. மறு முகத்தில் நேர்க்குச்சி விழுந்ததும் கூட்டம் வழிவிட்டு வட்டமாக நின்றது. வாசித்து முடித்ததும் மேளத்தை இறக்கிவைத்துவிட்டு, முன்வரிசையில் இருந்த பெரியவர்களின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமல். அதற்குப் பிறகு இரண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் அவர்களைக் கூப்பிட்டதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பேசுகிறவர்களைவிட, பிள்ளைகளுக்கு ஒரு மேடை பிடித்துக் கொடுக்கிறவர்கள் நமக்கு அதிகம் வேண்டும்.

சந்தையில் நான் அதிக நேரம் நிற்கும் இடம் பானைக்கடை. கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானை வெளியூர்க்காரர்கள் மின்மினிப் பூச்சிக்காகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். நம் ஆட்கள் அங்கே தலைமுறையாகச் சக்கரம் சுற்றுகிறார்கள். தீபாவளிக்கு அகல்விளக்கு, தைக்குப் பொங்கல் பானை. எங்கள் சந்தைக்கு வருகிற ஐயா பானைகளை வைக்கோல் போட்டு அடுக்கிக் கொண்டுவருவார். முன்பெல்லாம் வெறுமனே விற்றுவிட்டுப் போவார். ஒரு சக்கரத்தையும் கொண்டுவரச் சொல்லிக் கேட்டோம். தயங்கினார், அப்புறம் ஒப்புக்கொண்டார். இப்போது பிள்ளைகள் கூட்டம் அவரைச் சுற்றித்தான். ஒரு பெரிய மண் உருண்டையைச் சக்கரத்தில் வைத்து, அதன் உச்சியில் மட்டும் கட்டைவிரலை அழுத்தி ஓர் அகலை எடுப்பார். விளிம்பைச் சுண்டுவிரலால் இழுத்து மூக்கு வைப்பார். அடியில் நூலைக் கொடுத்து அறுத்து எடுத்துப் பலகையில் வைப்பார். அதே உருண்டையிலிருந்து அடுத்தது, அடுத்தது.

பானை வாங்குவதைப் பற்றி அவர் எனக்குச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன், புதுக் குடித்தனக்காரர்களுக்கு உதவும். "தாயி, கண்ணால பார்த்து வாங்காதே, காதால கேட்டு வாங்கு." பானையை ஒரு கையில் வாயைப் பிடிக்காமல் அடியில் ஏந்திக்கொண்டு, விரல் கணுவால் பக்கத்தில் தட்ட வேண்டும். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த பானை. டப்பென்று செத்த சத்தம் வந்தால் எங்கோ கீறல். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஊறாத புதுப் பானையை நேரே நெருப்பில் வைத்தால் பால் பொங்குவதற்கு முன்னால் பானை வெடிக்கும்.

ஆனால் அடுக்குமாடியில் இருப்பவர் பானையை வாங்கிப்போய் எங்கே பொங்குவார்? மூன்றாம் மாடி நடைபாதையில் விறகு மூட்ட முடியாது. பலர் எலக்ட்ரிக் குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்துச் சாமி கும்பிடுகிறார்கள். அதனால்தான் பொங்கல் சந்தையின் கடைசி நாளில் மார்க்கெட் திடலில் செங்கல் அடுக்கி வரிசையாக அடுப்பு போடுகிறோம். பானையும் அரிசியும் அவரவர் கொண்டுவர வேண்டும். விறகும் இடமும் எங்கள் பொறுப்பு. முதலில் சில குடும்பங்கள் கூச்சத்தோடு வந்தன, இப்போது அடுப்புக்குப் பெயர் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. அடுக்குமாடிப் பெண்கள்தான் அதிகம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சந்தையில் இடம் ஒதுக்குவது குலுக்கலில் நடக்கிறது. வெளியூர் வியாபாரிகள் பலர் பெயரில் விண்ணப்பம் போட்டு முன்வரிசை இடங்களைப் பிடித்துவிடுகிறார்கள். ஊர்ப் பெண்கள் வீட்டில் சுட்ட முறுக்கும் நெய் உருண்டையும் கடைசி மூலையில், விளக்குச் சரியில்லாத இடத்தில். உணவு விற்கிறவர் டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், உணவு கையாளும் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அது நியாயமான விதி, எனக்கு அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஊசிக்கும் பயிற்சிக்கும் இடவாடகைக்கும் சேர்த்துக் கையிலிருந்து காசு போட்டால், இரண்டு வாரம் முறுக்கு விற்கும் அக்காவுக்கு மிஞ்சுவது என்ன? எங்கள் குழுவில் சிலர் சேர்ந்து ஊசிச் செலவை ஏற்றுக்கொண்டோம். முறுக்குச் சுடுகிற அக்காமார்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே கடை போட்டார்கள். ஊர்க்காரர்களுக்கென்று கொஞ்சம் இடத்தைக் குலுக்கலுக்கு முன்னாலேயே ஒதுக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறோம். இதுவரை நடக்கவில்லை. கேட்பதை விடப்போவதில்லை.

இந்தச் சந்தை நம்முடையது என்று நான் சொன்னாலும் நம்மால் மட்டும் நடப்பதில்லை. மேடைக்கு மின்சாரம் மூலைக்கடைச் சீனர் கொடுப்பது. தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர், தமிழ் தண்ணீர் மாதிரி வரும். "தங்கச்சி, வயர அஞ்சடிக்கு மேல தூக்கிக் கட்டு, புள்ளைங்க கால்ல மாட்டும்" என்று அவரே ஏணி கொண்டுவந்து கொடுப்பார். கோலப்போட்டிக்கு அவர் கடை அஞ்சடியை, அதாவது கடைமுன் நடைபாதையை, கழுவிவிட்டுத் தருவார். குவே என்ற மலாய்ப் பலகாரம் விற்கிற மாக்சிக் (மலாய்க்கார அம்மா) தீபாவளிச் சந்தைக்கு வராவிட்டால் எங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தோட்டத்திலிருந்து இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிகள் குளித்துத் தலைவாரிக்கொண்டு கூட்டமாக வருவார்கள். சட்டை வாங்குவார்கள், ஊருக்கு அனுப்ப வளையலும் பொம்மையும் வாங்குவார்கள், மேடைக்கு எதிரே நின்று கைத்தொலைபேசியில் வீட்டுக்குக் காட்டிக்கொண்டே ஆட்டத்தைப் பார்ப்பார்கள். நம் தாத்தா பாட்டி இருந்த அதே லயங்களில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்கிற சிலரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. போன முறை வங்காளதேசத் தம்பி ஒருவர் மேடையேறிப் பாட அனுமதி கேட்டார். பாடினார். வார்த்தை யாருக்கும் புரியவில்லை, ஆனால் கைத்தட்டல் ஓய நெடுநேரம் ஆனது.

வரும் பொங்கலுக்கு வேலை ஆரம்பித்துவிட்டது. மேடை மார்க்கெட் சுவரை ஒட்டியே. முன்வரிசை நாற்காலிகள் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த பெரியவர்களுக்கு மட்டும். உறியடியைச் சாலைப் பக்கமிருந்து திடலின் உள்பக்கத்துக்கு மாற்றியிருக்கிறோம். பேச்சுப் போட்டியைத் திரும்பவும் சேர்த்திருக்கிறோம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்லாமல் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளும் பெயர் கொடுக்கலாம், தலைப்பு அவர்களே தேர்ந்தெடுப்பது. அடுப்பு வேண்டுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விறகு அதற்கேற்ப வாங்க வேண்டும். வெளியூருக்குப் போன பழைய தோட்டத்து ஆட்கள் வரும்போது பழைய படங்கள் இருந்தால் எடுத்துவாருங்கள், லயம், திடல், சம்பள நாள், நாடகம், எதுவானாலும் சரி. மேடைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் ஒட்டிவைக்கப்போகிறோம். பானை வேண்டுமானால் மாலை ஐந்து மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். ஐயா கொண்டுவருவது அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது.